முதல் டேப்லெட் வாங்குறவங்களுக்கு: படிக்க, வீடியோ பாக்க, நெட் பாக்க எத எந்த வரிசைல பாக்கணும்

எங்க வீடு, சொந்தக்காரங்க வீடு, பக்கத்து வீடுன்னு இதுவரைக்கும் ஒரு பத்து பன்னெண்டு பேருக்கு டேப்லெட் வாங்க கூட போயிருக்கேன். அதுல பாதி பேர் ஒரே மாதிரி தான் தடுக்குனாங்க. மொதல்ல விலைய பாக்குறாங்க, அடுத்து ரேம் எவ்ளோன்னு கேக்குறாங்க, கேமரா நல்லா இருக்குமான்னு கேக்குறாங்க, அதுல என்னத்த படிக்கப்போறோம்ங்கறது பில் போட்டு வீட்டுக்கு வந்து ராத்திரி படுக்கைல சாஞ்சு திறக்குறப்ப தான் ஞாபகத்துக்கு வருது. வரிசை தலைகீழா போயிடுது, அவ்ளோ தான். அதனால இத படிக்கிறப்ப நடுவுல தாவாம 1ல இருந்து வரிசையா வாங்க, ஒவ்வொரு படியும் அடுத்த படில இருக்குற பாதி மாடல தானா கழிச்சு விட்டுரும்.

இது படிக்க, வீடியோ பாக்க, பிரவுஸ் பண்ண மட்டும் தான். படம் வரையறது, கேம், ஆபிஸ் வேலை எல்லாம் வேற கணக்கு, அத இங்க எடுக்கல.

1. கடைக்கு போறதுக்கு முன்னாடி தயார் பண்ண வேண்டியது

நாலு விஷயம் வேணும். ஒண்ணு, நீங்க நெஜமாவே படிக்கப்போற ரெண்டு மூணு ஃபைல். ஒரு ஸ்கேன் பண்ண பழைய தமிழ் புத்தகம், ஒரு சாதாரண பிடிஎஃப், உங்க பசங்க ஸ்கூல் புத்தகம் எதுவா வேணா இருக்கலாம், அத கூகுள் டிரைவ்ல போட்டு பப்ளிக் லிங்க் எடுத்து வைங்க. ரெண்டாவது, நீங்க சந்தா கட்டுற ஓடிடி எது, அதுல எந்த பிளான்னு எழுதி வச்சுக்கோங்க. மூணாவது, உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போட டேட்டா, ஏன்னா கடை வைஃபை பாஸ்வேர்ட நிறைய பேர் தர மாட்டாங்க. நாலாவது ஒரு ஸ்கேல்.

ஸ்கேல் எதுக்குன்னா, இன்ச் கணக்கு ஸ்கிரீன மூலைக்கு மூலை குறுக்கா அளக்குறது, யாருக்கும் மனசுல உருவமா வராது. 8.7 இன்ச், 11 இன்ச்னு கேக்குறப்ப ரெண்டு இன்ச் தானே வித்தியாசம்னு தோணும். ஒரு வெள்ளை பேப்பர்ல 11.3 சென்டிமீட்டர் அகலம் 19 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு கட்டம் போடுங்க, அது 8.7 இன்ச். இன்னொரு கட்டம் 14.8க்கு 23.7, அது 11 இன்ச். ரெண்டையும் வெட்டி பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா பரப்பளவு ஒன்றரை மடங்குக்கு மேல இருக்குங்கறது கண்ணுக்கே தெரியும். இத வீட்லயே பண்ணிட்டு போனா கடைக்காரர் எத கைல குடுத்தாலும் மனசு மாறாது.

2. நீங்க படிக்கிறது எந்த வகைன்னு பிரிங்க

இது தான் எல்லாத்துக்கும் வேர். டிஜிட்டல்ல படிக்கிறது ரெண்டே வகை. எழுத்த பெருசு பண்ணா வரி தானா மடிஞ்சு ஸ்கிரீனுக்குள்ள அடங்குறது ஒரு வகை. இபப் ஃபைல், கிண்டில் புத்தகம், நியூஸ் சைட், பிளாக் எல்லாம் இதுல வரும். இன்னொண்ணு பக்கம் போட்டோ மாதிரி அப்படியே நிக்கிறது. பிடிஎஃப், ஸ்கேன் பண்ண புத்தகம், பத்திரிகையோட பக்கங்கள், காமிக்ஸ், பாடப்புத்தகம் இந்த பக்கம்.

முதல் வகைக்கு சின்ன ஸ்கிரீனே போதும், போன்லயே படிக்கலாம். ரெண்டாவது வகைக்கு ஸ்கிரீன் பெருசா இல்லன்னா ஒவ்வொரு வரிக்கும் இடதுல இருந்து வலதுக்கு தள்ளி தள்ளி படிக்கணும், பத்து பக்கத்துல வெறுத்துரும்.

தமிழ்ல படிக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். நம்ம கிட்ட இலவசமா கிடைக்கிற பெரிய புதையல்ல ரொம்ப பகுதி ஸ்கேன் தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தமிழ் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் எதுல போனாலும் பழைய அச்சு பக்கம் படமா தான் வரும். அதுக்கு எதிர் பக்கம் 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டம், அங்க எழுத்தா டைப் பண்ணது கிடைக்கும். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்துல ஒரே புத்தகத்தயே இபப், ஏ4 பிடிஎஃப், 6 இன்ச் பிடிஎஃப்னு தனித்தனியா குடுக்குறாங்க, அதுல இபப் எடுத்துக்கிட்டா சைஸ் பிரச்சனையே இல்ல.

எங்க பெரியப்பா ரிட்டயர் ஆனதும் பழைய இதழ்கள், சித்த வைத்திய புத்தகம் எல்லாம் படிக்கணும்னு ஆசைப்பட்டு கைக்கு அடக்கமா இருக்குன்னு 8.7 இன்ச் வாங்குனார். அவர் படிக்க நெனச்சது மொத்தமும் ஸ்கேன். கண்ணாடி போட்டும் முடியாம ரெண்டே மாசத்துல அது பேரன் கைக்கு போயிருச்சு. டேப்லெட்ல ஒரு குறையும் இல்ல, வாங்குறதுக்கு முன்னாடி யாரும் அவர்கிட்ட என்ன படிக்கப்போறீங்கன்னு கேக்கல, நான் உட்பட. அதுல இருந்து தான் மொத கேள்வியா இதயே கேக்க ஆரம்பிச்சேன்.

இன்னொண்ணு. கதை, நாவல் மட்டும் தான் படிப்பேன், வீடியோ எல்லாம் போன்லயே பாத்துப்பேன்னா டேப்லெட்டே வேணாம், இ-இங்க் ஸ்கிரீன், அதாவது பேப்பர் மாதிரி தெரியுற ஸ்கிரீன் இருக்குற கிண்டில் மாதிரி ரீடர் தான் சரி. வெயில்லயும் படிக்கலாம், சார்ஜ் வாரக்கணக்குல நிக்கும். 2016 டிசம்பர்ல இருந்து அதுல தமிழ் புத்தகமும் கிடைக்குது. ஆனா ஏ4 ஸ்கேனுக்கு அந்த சின்ன ரீடரும் ஒத்து வராது.

3. சைஸ முடிவு பண்றது

ஏ4 பேப்பரோட அகலம் 21 சென்டிமீட்டர். 8.7 இன்ச் டேப்லெட்ட நிமுத்தி பிடிச்சா அகலம் சுமார் 11.3, அதாவது பக்கம் 54 சதவீதமா சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து ஆறரை பாயின்ட்டா தெரியும், மருந்து டப்பால இருக்குற பொடி எழுத்து மாதிரி. 11 இன்ச்ல 70 சதவீதம், எட்டரை பாயின்ட் கிட்ட வரும், படிக்கலாம். ஐபேட் கொஞ்சம் சதுரமா இருக்குறதால 10.9 இன்ச்லயே அகலம் 15.8 வந்து 75 சதவீதம் கிடைக்குது.

பக்கத்த சுத்தி இருக்குற வெள்ளை ஓரத்த வெட்டுற வசதி ரீட்எரா, லிப்ரெரா மாதிரி ஆப்ல இருக்கு. அத போட்டா எல்லா சைஸ்லயும் எழுத்து கொஞ்சம் பெருசாகும். ஆனா 8 இன்ச் 11 ஆயிடாது.

பெருசுலயும் ஒரு கஷ்டம் இருக்கு, எடை. 8.7 இன்ச் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 332 கிராம், 11 இன்ச் ஏ9 பிளஸ் 480 கிராம். கவர் போட்டா இன்னும் ஏறும். அரை கிலோவ மல்லாந்து படுத்து ஒத்த கைல அரை மணி நேரம் பிடிக்க முடியாது, மூஞ்சில விழும். படுத்துட்டே படிக்கிறவங்க, பஸ் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே படிக்கிறவங்க 8ல இருந்து 9 இன்ச்சுக்குள்ள பாருங்க. உக்காந்து படிக்கிறவங்க, ஸ்டாண்ட்ல வச்சு பாக்குறவங்க, அம்பது வயசுக்கு மேல இருக்குறவங்க, பிடிஎஃப் அதிகம் படிக்கிறவங்க 10.5ல இருந்து 11 இன்ச். சந்தேகமா இருந்தா 11 எடுங்க, நான் பாத்த வரைக்கும் பெருசு வாங்கி வருத்தப்பட்டவங்க கம்மி. 12, 13 இன்ச் மொத டேப்லெட்டுக்கு வேணாம், அது வீட்ல ஒரே எடத்துல உக்காந்துரும்.

4. ஸ்கிரீன்ல நாலு விஷயம்

எழுத்தோட கூர்மை. ஒரு இன்ச்சுக்கு எத்தன புள்ளிங்கறத பிபிஐன்னு சொல்லுவாங்க. 10.1 இன்ச்ல 1280க்கு 800 ரெசல்யூஷன்னு போட்டிருந்தா பிபிஐ 149 தான், அத தொடாதீங்க. நம்ம எழுத்துல சுழி அதிகம், மேல புள்ளி, பக்கத்துல கொம்பு எல்லாம் இருக்கு. ண, ன, ணை, னை எல்லாம் சின்ன சைஸ்ல ஒண்ணோட ஒண்ணு கலங்கி தெரியும். இங்கிலீஷ் படிக்கிறப்ப பெருசா உறுத்தாத ஸ்கிரீன் தமிழ் படிக்கிறப்ப கண்ண வலிக்க வைக்கும். 11 இன்ச்ல 1920க்கு 1200 இருந்தா 206 பிபிஐ வரும், அத கீழ் எல்லையா வச்சுக்கோங்க. ஐபேட் 264. 8.7 இன்ச்ல 1340க்கு 800ன்னா 179 வரும், இபப்புக்கும் வெப்சைட்டுக்கும் ஓகே, ஸ்கேனுக்கு பத்தாது.

வடிவம். ஆண்ட்ராய்டு டேப்லெட் பெரும்பாலும் 16க்கு 10, நீட்டமா இருக்கும். வீடியோ பொதுவா 16க்கு 9ங்கறதால அதுல கிட்டத்தட்ட முழுசா நிறையும். ஐபேட்ல மேலயும் கீழயும் கறுப்பு பட்டை விழும், ஆனா பக்கம் படிக்க அந்த வடிவம் தான் சுகம். வீடியோ அதிகமா படிப்பு அதிகமான்னு ரெண்டாவது படில யோசிச்சது இங்க உதவும். இதுக்காக ரொம்ப மண்டைய உடைச்சுக்க வேணாம், ரெண்டுலயும் ரெண்டும் பண்ணலாம்.

வெளிச்சம். இத நிட்ஸ்னு ஒரு அளவுல சொல்லுவாங்க, 400 நிட்ஸ் இருந்தா வீட்டுக்குள்ள, ஜன்னல் ஓரம் எல்லாம் தாங்கும். மொட்டை மாடி, திண்ணைல பகல்ல உக்காந்து படிக்கணும்னா எந்த சாதாரண டேப்லெட்டும் தாங்காது, கண்ணாடி மாதிரி உங்க மூஞ்சி தான் தெரியும்.

பாக்குற கோணம். ஐபிஎஸ்னு ஒரு ஸ்கிரீன் வகை இருக்கு, எந்த பக்கம் இருந்து பாத்தாலும் கலர் மாறாது, அது ஸ்பெக்ல எழுதியிருக்கான்னு பாருங்க. ரொம்ப மலிவான சிலதுல அது இருக்காது, கொஞ்சம் சாச்சா கலர் மாறும், ரெண்டு பேர் சேந்து படம் பாக்குறப்ப ஒருத்தருக்கு வெளிறி போய் தெரியும். 90, 120 ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு ஸ்கிரீன் அத்தன தடவ புதுசாகுதுன்னு அர்த்தம், ஸ்க்ரோல் பண்றப்ப வழவழன்னு இருக்கும், இருந்தா நல்லது, அதுக்காக காசு கூட குடுக்க வேணாம்.

5. வீடியோவுக்கு எல்1 இருக்கான்னு பாக்குறது

ஸ்பெக் ஷீட்ல ரெசல்யூஷன் பாத்துட்டா முடிஞ்சதுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க. ஓடிடி ஆப் எல்லாம் திருட்டு காப்பி எடுக்காம இருக்க வைட்வைன்னு ஒரு பூட்டு வச்சிருக்கு, ஆண்ட்ராய்டுல அதுக்கு எல்1, எல்3ன்னு தரம் உண்டு. எல்1 இருந்தா தான் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஆப் எச்டி விடும். எல்3ன்னா எவ்ளோ நல்ல ஸ்கிரீனா இருந்தாலும் 480பி அளவுக்கு மேல வராது. யூடியூப்ல இந்த கட்டுப்பாடு வராது, அதனால கடைல யூடியூப் போட்டு காட்டுறப்ப பளிச்சுன்னு இருக்கும், வீட்டுக்கு வந்து சீரியல் போட்டா மங்கலா இருக்கும், காரணமே புரியாது.

அத்தை பொண்ணு ஆன்லைன்ல ஆஃபர்ல ஒண்ணு வாங்கி இப்படி தான் ஆச்சு. நெட் ஸ்லோன்னு நெனச்சு பிராட்பேண்ட் பிளானயே மாத்திருக்கா பாவம். ஒரு மாசம் கழிச்சு நான் பாத்தப்ப எல்3. அதுக்குள்ள ரிட்டர்ன் தேதி தாண்டிருச்சு.

பாக்குறது சுலபம். பிளே ஸ்டோர்ல டிஆர்எம் இன்ஃபோன்னு ஒரு சின்ன ஆப் இருக்கு, போட்டு திறந்தா செக்யூரிட்டி லெவல்னு எல்1 இல்ல எல்3 காட்டும். நெட்ஃபிளிக்ஸ் ஆப்புக்குள்ளயும் ஆப் செட்டிங்ஸ்ல பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் திறந்தா வைட்வைன் தரமும் அதிகபட்ச ரெசல்யூஷனும் இருக்கும். இந்த ரெண்டாவது தான் இன்னும் நம்பகம், ஏன்னா எல்1 இருந்தும் அந்த ஓடிடி கம்பெனி அந்த மாடலுக்கு எச்டி அனுமதி தராம இருக்கலாம்.

டேப்லெட்ட குறை சொல்றதுக்கு முன்னாடி உங்க பிளானயும் பாருங்க. இந்தியாவுல நெட்ஃபிளிக்ஸோட மொபைல் பிளான் டேப்லெட்லயும் ஓடும் ஆனா 480பி தான் தரும். அந்த பிளான் வச்சிருக்குறவங்களுக்கு எல்1 இருந்தாலும் படம் அதே தான். ஒண்ணாவது படில பிளான எழுதிக்க சொன்னது இதுக்கு தான்.

ஸ்பீக்கர் எங்க இருக்குன்னும் பாருங்க. படுக்க வச்சு பிடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு இருக்கணும். ஒரே பக்கம் இருந்தா சத்தம் ஒரு காதுல தான் கேக்கும், அதுவும் பிடிக்கிற கை அத மூடிரும். வயர் ஹெட்செட் பழக்கம்னா 3.5 எம்எம் ஜாக் இருக்கான்னு கேளுங்க, ஐபேட்ல இப்ப வர்ற எதுலயும் இல்ல.

6. ரேம், ஸ்டோரேஜ், சிப்

இந்த மூணுக்கும் கடைல நேரம் ரொம்ப போகும், நம்ம வேலைக்கு அவ்ளோ தேவையில்ல. ஆண்ட்ராய்டுல ரேம் 4 ஜிபி குறைஞ்சபட்சம், 6 இல்ல 8 இருந்தா நாலு வருஷம் நிம்மதி. 8 ஜிபின்னு பெரிய எழுத்துல போட்டு கீழ 4 பிளஸ் 4ன்னு சின்னதா போட்டிருந்தா நெஜ ரேம் 4 தான், மிச்சம் ஸ்டோரேஜ்ல இருந்து கடன் வாங்குறது, அது வேகமா இருக்காது. ஐபேடோட ரேம் நம்பர ஆண்ட்ராய்டோட ஒப்பிடாதீங்க, அது வேற மாதிரி வேலை செய்யுது.

ஸ்டோரேஜ் 128 எடுங்க. 64ல சிஸ்டமும் கூடவே வர்ற ஆப்பும் பதினஞ்சு இருபது ஜிபி எடுத்துக்கும், நாலு படம் டவுன்லோட் பண்ணி வச்சா நிறைஞ்சிரும். 64 தான் கைக்கு எட்டுதுன்னா மெமரி கார்டு ஸ்லாட் இருக்குறதா பாருங்க, புத்தகத்த எல்லாம் கார்டுல போட்டுக்கலாம். ஐபேட்ல கார்டு ஸ்லாட் கிடையாது, அங்க வாங்குறப்பவே சரியா எடுத்துரணும்.

சிப் தான் டேப்லெட்டோட மூளை. அதுல ஹீலியோ ஜி99, ஸ்னாப்டிராகன் 680, 695 இந்த அளவுல இருந்தா படிக்கவும் பாக்கவும் தாராளம். 2018ல வந்த ஹீலியோ பி22 குடும்பத்து சிப் இன்னும் சில பழைய ஸ்டாக்ல இருக்கு, அது வேணாம், பெரிய பிடிஎஃப்ல பக்கம் திருப்பவே யோசிக்கும். ஸ்கேன் பண்ண 300 பக்க புத்தகம் தான் நம்ம வேலைல சிப்புக்கு உண்மையான சோதனை, அதனால கடைல அத தான் திறக்கணும்.

7. வைஃபை மட்டுமா, சிம் போடுறதா

வீட்ல வைஃபை இருக்கு, வெளிய போனா போன்ல ஹாட்ஸ்பாட் போடுவீங்கன்னா வைஃபை மாடலே போதும், மிச்சமாகுற காசுல ஸ்டோரேஜ் கூட்டிக்கலாம். வீட்ல வைஃபை இல்லாத பெரியவங்க, அடிக்கடி பயணம் போறவங்க, ஹாட்ஸ்பாட் போட தெரியாதவங்க இவங்களுக்கு சிம் மாடல்.

இங்க ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, சிம் போட்டா போன் மாதிரி பேசலாம்னு நெனைக்கிறது. சில டேப்லெட்ல பேசலாம், ஐபேட்ல டேட்டா மட்டும் தான். கேட்டு வாங்குங்க. ரெண்டாவது, வைஃபை மாடல்ல ஜிபே, போன்பே போடலாம்னு நெனைக்கிறது. யுபிஐ பதிவு பண்ண பேங்க்ல குடுத்த நம்பரோட சிம் அதே சாதனத்துல இருந்து எஸ்எம்எஸ் அனுப்பணும், சிம்மே போட முடியாத டேப்லெட்ல அது நடக்காது. வாட்ஸ்அப் பிரச்சனை இல்ல, போன்ல இருக்குற அதே கணக்க டேப்லெட்லயும் இணைச்சுக்கலாம், ஐபேடுக்கும் 2025 மே மாசத்துல தனி ஆப் வந்துருச்சு. மேப் போட்டு வண்டி ஓட்டப்போறவங்களுக்கு ஒண்ணு: வைஃபை ஐபேட்ல ஜிபிஎஸ் கிடையாது.

8. ஆண்ட்ராய்டா ஐபேடா, எத்தன வருஷம் அப்டேட்

வீட்ல எல்லாரும் ஆண்ட்ராய்டு போன் வச்சிருந்து, 20 ஆயிரத்துக்குள்ள வேணும், ஃபைல பென்டிரைவ், கார்டுல போட்டு மாத்தி மாத்தி படிக்கணும்னா ஆண்ட்ராய்டு. பணம் கொஞ்சம் கூட இருக்கு, ஆறு ஏழு வருஷம் மாத்த மாட்டேன்னா ஐபேட். 2025 மார்ச்ல வந்த, ஏ16 சிப் இருக்குற ஐபேட் 128 ஜிபில இருந்து ஆரம்பிக்குது, வந்தப்ப 34,900 ரூபாய்.

ஆண்ட்ராய்டுல மாடல் எந்த வருஷம் வந்தது, எத்தன வருஷம் செக்யூரிட்டி அப்டேட்னு கம்பெனி சொல்லியிருக்குன்னு பாருங்க. இத ஏன் படிக்க மட்டும் வாங்குறவங்க பாக்கணும்னா, ஆண்ட்ராய்டு பழசானா நாள் ஆக ஆக ஓடிடி ஆப், பேங்க் ஆப் எல்லாம் ஒண்ணொண்ணா ஆதரவ நிறுத்தும், ஸ்கிரீன் நல்லா இருந்தும் வெறும் பிடிஎஃப் பாக்குற பலகையா மாறிரும். மூணு வருஷ பழைய மாடல் பாதி விலைக்கு வந்தா, அதோட அப்டேட் ஆயுசுல மூணு வருஷம் ஏற்கனவே போயிருச்சுன்னு கணக்கு போடுங்க.

வெளிநாட்ல இருந்து யாராவது கொண்டு வந்து தர்றதா இருந்தா, அமேசான் ஃபயர் டேப்லெட்ல கூகுள் பிளே ஸ்டோர் இருக்காது, 2019க்கு அப்புறம் வந்த ஹுவாவே மாடல்கள்லயும் கூகுள் சர்வீஸ் இருக்காது. அத தெரிஞ்சுக்கிட்டு சரின்னு சொல்லுங்க.

9. விலையும் போலியும்

இப்ப தான் விலைக்கு வரணும். இந்த எட்டு படில உங்க தேவை தெளிவாயிருக்கும், கைல ரெண்டு மூணு மாடல் தான் மிஞ்சும். அதுல குறைஞ்ச விலைக்கு எது கிடைக்குதோ அது.

5,000 ரூபாய்க்கு 12 ஜிபி ரேம், 512 ஜிபி ஸ்டோரேஜ்னு பேர் தெரியாத பிராண்டு விளம்பரம் வரும். அந்த நம்பர்லாம் செட்டிங்ஸ்ல காட்டுற மாதிரி பொய்யா எழுதி வச்சிருப்பாங்க. இந்தியாவுல விக்கிற டேப்லெட்டுக்கு பிஐஎஸ்னு சொல்ற இந்திய தர நிர்ணய அமைப்போட பதிவு கட்டாயம், பாக்ஸ்ல இல்ல பின்பக்கம் ஆர்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்ல அத போட்டா எந்த கம்பெனி பேர்ல பதிவுன்னு வரும். பிளே ஸ்டோர் செட்டிங்ஸ்ல அபவுட் பகுதில கூகுள் குடுக்குற பிளே புரொடெக்ட் சான்றிதழ் இருக்கான்னும் பாருங்க. சான்றிதழ் இல்லன்னா பல ஓடிடி ஆப்ப பிளே ஸ்டோர்லயே காட்டாது.

செகண்ட் ஹேண்ட்னா சிம் மாடல்ல ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் போட்டு ஐஎம்இஐ நம்பர், அதாவது அந்த சாதனத்தோட அடையாள நம்பர் எடுங்க. இங்கிலீஷ் எழுத்துல கேஒய்எம்னு அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த நம்பர 14422க்கு எஸ்எம்எஸ் பண்ணா திருட்டு சாதனமான்னு தெரியும். விக்கிறவர் உங்க கண் முன்னாடி தன்னோட கூகுள் கணக்க இல்ல ஆப்பிள் கணக்க எடுத்துட்டு ரீசெட் பண்ணி தரணும். அப்புறம் பண்ணிக்கலாம்னா வாங்காதீங்க, பூட்டிக்கிச்சுன்னா திறக்கவே முடியாது.

10. கடைல பதினஞ்சு நிமிஷம், இந்த வரிசைல

மொதல்ல கைல வாங்கி ஒண்ணும் திறக்காம ரெண்டு நிமிஷம் படிக்கிற மாதிரி பிடிங்க. எடை மணிக்கட்டுல தெரியணும், பேச்சு குடுத்துக்கிட்டே பிடிச்சா உண்மையான எடை தெரியும்.

அப்புறம் ஹாட்ஸ்பாட் போட்டு உங்க ஸ்கேன் புத்தகத்த திறங்க. டிஸ்ப்ளே பீஸ்ல உங்க கணக்குல லாகின் பண்ணாதீங்க, டிரைவ்ல எடுத்து வச்ச பப்ளிக் லிங்க பிரவுசர்ல அடிங்க, அது பாதுகாப்பு. நூறாவது பக்கத்துக்கு தாவுங்க, பெருசு பண்ணுங்க, திருப்புங்க. ஒவ்வொரு தடவையும் மங்கி மங்கி தெளிஞ்சா சிப் பத்தல. கண்ணாடி போடுறவங்க வழக்கமா போடுற கண்ணாடியோட படிச்சு பாருங்க, முழுப் பக்கமும் தெரியுற மாதிரி வச்சு பெருசு பண்ணாம ஒரு பத்தி படிக்க முடியுதான்னு பாருங்க. முடியலன்னா வேற எல்லாமே சரியா இருந்தாலும் அந்த சைஸ் உங்களுக்கு இல்ல.

அடுத்து ஒரு தமிழ் நியூஸ் சைட். விளம்பரம் நிறைஞ்ச பக்கம் வேகமா கீழ போறப்ப திக்குதான்னு பாருங்க. அதுக்கப்புறம் டிஆர்எம் இன்ஃபோ. கடைல ஆப் போட விடலன்னா அந்த மாடல் பேரோட வைட்வைன்னு சேத்து நெட்ல தேடி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கடைசியா வீடியோ ஒண்ண சத்தமா வைங்க.

கேமராவ திறக்கவே வேணாம். வீடியோ காலுக்கு எல்லாமே போதும்.

பில் போடுறதுக்கு முன்னாடி பாக்ஸ்ல சார்ஜர் இருக்கான்னு கேளுங்க. இப்பலாம் சிலதுல வயர் மட்டும் வருது. 11 இன்ச்ல 7,000, 8,000 எம்ஏஎச் பேட்டரி இருக்கும், பழைய 5 வாட் சார்ஜர்ல போட்டா ராத்திரி முழுக்க ஏறும். கவரும் இப்பவே வாங்கிருங்க, ஸ்டாண்டா மடங்குறது. டெம்பர்ட் கிளாஸ் ஒட்டணும்னா சாதாரணது ஒட்டுங்க, மேட் ஒட்டுனா வெளிச்சம் அடிக்காது ஆனா எழுத்து மணல் தூவுன மாதிரி ஆயிடும், படிக்கிறவங்களுக்கு அது ஆகாது.

11. வீட்டுக்கு வந்த முதல் நாள்

வைஃபை போட்டதும் ஆப் எதுவும் இறக்காம சிஸ்டம் அப்டேட் முடிங்க. பாக்ஸ்ல இருக்குறது பல மாசம் பழைய சாஃப்ட்வேர், ஆப் இறங்குறதும் அப்டேட்டும் ஒண்ணா ஓடுனா முதல் நாளே ஸ்லோன்னு தோணும். ரெண்டு தடவ கூட அப்டேட் வரும், முடியுற வரைக்கும் விடுங்க.

அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ல ஃபான்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் ரெண்டயும் ஒரு படி ஏத்துங்க. பெரியவங்களுக்கு வாங்கி குடுத்துட்டு இத பண்ணாம வந்துர்றாங்க, அவங்க கண் தெரியலன்னு அத தொடாமயே வச்சிருப்பாங்க.

பிரவுசர்ல ரீடர் மோட் எப்படி போடுறதுன்னு பழகுங்க, விளம்பரம் போய் எழுத்து மட்டும் நிக்கும். ஆண்ட்ராய்டுல ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்ல விளம்பரத்த தடுக்குற யூபிளாக் ஆரிஜின் ஆட்-ஆன் போட்டுக்கலாம், மலிவு டேப்லெட்ல இது ஒண்ணே வேகத்த நல்லா கூட்டிரும். கீபோர்டுல தமிழ சேருங்க, ஜிபோர்டு இல்ல செல்லினம், எது பழக்கமோ அது. கண் சோர்ந்தவங்களுக்கு கூகுளோட பேச்சு சர்வீஸ்ல தமிழ் குரல் இருக்கு, எழுத்தா இருக்குற புத்தகத்த அது வாசிச்சு காட்டும். ஸ்கேன் பக்கத்த அப்படியே வாசிக்காது, அதுக்குள்ள எழுத்தே இல்ல, படம் தான்.

புத்தகத்துக்குன்னு ஒரே ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாத்தயும் அதுல வைங்க. டவுன்லோட்ஸ்ல போட்டு வச்சா வாட்ஸ்அப் பில், கல்யாண பத்திரிகை எல்லாத்தோடயும் கலந்து ஒரு மாசத்துல தேட முடியாம போயிரும்.

பேட்டரி செட்டிங்ல 80 சதவீதத்துல நிறுத்துற வசதி இருந்தா போட்டு விடுங்க, சார்ஜ்ல மாட்டியே படம் பாக்குற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு.

ரிட்டர்ன் தேதி முடியுறதுக்குள்ள மூணு சோதனை. வெள்ளை பக்கம் ஒண்ண முழு ஸ்கிரீன்ல திறந்து கறுப்பு புள்ளி இருக்கான்னு பாருங்க. ராத்திரி 100 சதவீதம் ஏத்தி வயர் எடுத்து வைஃபை ஆன்ல விட்டு காலைல எத்தன குறைஞ்சிருக்குன்னு பாருங்க, பத்துக்கு மேல போனா ஏதோ ஒரு ஆப் இல்ல பேட்டரி சரியில்ல. வீட்ல வைஃபை பெட்டி இருக்குற ரூம விட்டு கடைசி ரூம்ல போய் வீடியோ போட்டு பாருங்க, போன்ல ஓடுற எடத்துல டேப்லெட்ல நின்னா ஆன்டெனா பலவீனம். இதுல எது சரியில்லன்னாலும் பாக்ஸையும் பில்லையும் எடுத்துக்கிட்டு அன்னைக்கே கடைக்கு போங்க, ஒரு வாரம் பாப்போம்னு தள்ளாதீங்க.